பதினேழாம் நம்பர்

சின்னமனூர் பைபாஸில் வாழைக்காய் மண்டியைத் தாண்டினால் ஒரு புளியமரம். மரத்தடியில் தகரக் கொட்டகை. பேர்ப்பலகை கிடையாது. "போதுமணி அக்கா கடை" என்று கேட்டால், கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் பிக்கப் வண்டி வைத்திருக்கிற எவனும் கை காட்டுவான்.

வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில், கடைசியாகவும் பெண்ணே பிறந்தபோது அப்பன் சலித்துப்போய் வைத்த பேர் அது. அந்த அப்பனே பின்னாளில் தன் மொபெட்டை மகளிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பாரு தாயி" என்று காத்துக் கிடந்தார்.

போதுமணியின் சீடன் பேர் சுருளிவேல். குருவைவிட எட்டு வயது மூத்தவன். அவன் அவளை "அக்கா" என்பான். அவள் அவனை "அண்ணே" என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

இங்கே வருவதற்கு முன்னால் சுருளி சீலையம்பட்டி விலக்கில் பரோட்டா மாஸ்டர். "சால்னாவுல எண்ணெயக் கொறை" என்று சொன்ன முதலாளியின் காலடியில் கரண்டியை எறிந்துவிட்டு வந்தவன். கை வேகம். வாய் அதைவிட வேகம். வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான், அதில் குறை சொல்லிவிடக் கூடாது. அவனுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அங்கே ஊரே அவனை "மாஸ்டர்" என்று கூப்பிட்டது. இங்கே டீ கொண்டுவருகிறவன்கூட "ஏ பரோட்டா" என்கிறான்.

அதற்காகவே தனிக்கடை போட முடிவு செய்தான். விஜயதசமி அன்று திறப்பு. பலகைகூட எழுதியாகிவிட்டது. "மாஸ்டர் சுருளி டீசல் ஒர்க்ஸ்." அதில் "மாஸ்டர்" மட்டும் சிவப்பு. பலகையை அக்கா கடையின் பின்சுவரில், எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருந்தான். அக்கா இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

ஆனால் பலகை மட்டும் போதாது. அந்தப் பரம்பரையில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் போகிற சீடனுக்குக் குரு தன்னுடைய பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனரை ஆயுத பூஜை அன்று கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். போதுமணிக்கு அவளுடைய குரு அப்படிக் கொடுத்ததுதான் அது. அதை வாங்காமல் கடை திறந்தால் விளங்காது என்று பைபாஸ் முழுக்கப் பேச்சு.

அந்த ஸ்பேனரின் தண்டில் இரண்டு பள்ளம் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. வழவழவென்று, பார்த்துக்கொண்டே இருக்கலாம். எஃகில் பள்ளம் விழுவதென்றால் லேசான காரியமா? பெரிய குரு காலமெல்லாம் கட்டைவிரல் வைத்து அழுத்தியதில் ஒன்று, அக்கா அழுத்தியதில் ஒன்று என்று சொல்லிக்கொண்டார்கள். சுருளி அதை அட்சரம் பிசகாமல் நம்பினான். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பான். பொருந்தாது. "நமக்கு இன்னும் பக்குவம் வரல" என்று தலையில் குட்டிக்கொள்வான்.

ஒருநாள் தைரியமாகக் கேட்டே விட்டான்.

"இரும்பு எப்படிக்கா இப்படித் தேஞ்சுச்சு?"

"வேலை பாத்த தடம்ண்ணே."

ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான்.

அப்பேர்ப்பட்ட ஸ்பேனர், ஆடி மாதத்தில் ஒருநாள் காணாமல் போனது. அதுவும் சுருளி கையில் இருந்தபோது.

அன்றைக்குப் பலகை எழுதுகிற ஆள் போன் மேல் போன் போட்டு, "சிவப்பு காஞ்சிருச்சு, வந்து பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சுருளி கையில் இருந்த வேலைகளையெல்லாம் அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் ஸ்பேனர் இல்லை.

கடையைத் தலைகீழாகப் புரட்டினான். கழிவு எண்ணெய் டிரம்முக்குள் தோள் வரை கை விட்டுத் துழாவினான். டீக்கடைக்காரனின் சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்து அடிவாங்கப் பார்த்தான். புளியமரத்துக் காக்கைக் கூட்டைக்கூட விடவில்லை. கடைசியில் உத்தமபாளையம் போய்க் கோடாங்கியிடம் குறி கேட்டான்.

கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டுச் சொன்னார். "களவு போகலப்பா. இரும்போட இரும்பா இருக்கு. நித்தமும் ஊர் சுத்துது."

சுருளிக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இரும்போடு இரும்பாக ஊர் சுற்றுகிறவன் யார்? பழைய இரும்பு வாங்குகிற சைக்கிள்காரன்! அந்த மனுஷனை மறித்து, மூட்டையை நடுரோட்டில் கொட்டி, ஒன்றும் கிடைக்காமல், மறுபடி தானே அள்ளிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தான்.

போதுமணி "தேடுங்கண்ணே, எங்க போயிறப் போகுது" என்றதோடு சரி.

புரட்டாசி பிறந்தது. ஒருநாள் மதியம் மொக்கராசு தன் பிக்கப்பைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் நிறுத்தினான். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக் குமுளி மலை ஏறி இறங்குகிறவன். வண்டி நின்ற பிறகும் அவன் கன்னம் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா?" என்றான் சுருளி.

"சத்தம்ண்ணே. ஆட்டம் வேற."

"என்ன சத்தம்? கடகடன்னா, கொடகொடன்னா?"

"ரெண்டுக்கும் நடுவுலண்ணே."

"நடுவுலன்னா? செஞ்சு காட்டு."

மொக்கராசு பல்லைக் கடித்து, கையைக் காலை உதறி, கண்ணை மேலே செருகி, "ட்ர்ர்ர்ர்ர்" என்று காட்டினான். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறி, சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பவே கொஞ்ச நேரம் ஆனது.

"எப்பருந்து?" என்று கேட்டுக்கொண்டே போதுமணி வந்தாள்.

"ஆடியில அண்ணன் இன்ஜினுக்கு மவுண்டிங் ரப்பர் மாத்திக் குடுத்தாருல்லக்கா, அதுலருந்து லேசா இருந்துச்சு. போன் பண்ணிக் கேட்டேன். புது ரப்பரு, புதுச் செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடிக்கும், பொறவு பழகிரும்னாரு."

போதுமணி சுருளியைப் பார்த்தாள். சுருளி மரத்தைப் பார்த்தான்.

"பழகுச்சா?"

"எங்கக்கா! இப்பப் பிள்ளையாரே தாங்க மாட்டேங்கிறாரு. டேஷ்போர்டுல வெச்சிருக்கேன்ல. சின்னமனூர்ல கெளம்பையில என்னையப் பாத்து உக்காந்திருக்காரு. குமுளி போயிச் சேரையில ரோட்டப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. பசை போட்டு ஒட்டினேன். பேத்துக்கிட்டுல்ல திரும்புறாரு!"

"எந்தப் பக்கமாத் திரும்புறாரு?"

"இடது பக்கமா."

"ம்," என்றாள் போதுமணி. "ஓட்டு. ஆபத்து ஒண்ணும் இல்ல. காலையில காய எறக்கிட்டு மதியம் கொண்டாந்து விடு, அண்ணன் பாப்பாரு."

மொக்கராசு போனதும் சுருளி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, பூஜை நெருங்கிருச்சு. ஸ்பேனரக் காணல. என்னக்கா பண்றது?"

"பின்சுவத்துப் பலகையில சிவப்பு நல்லா வந்திருக்குண்ணே," என்றாள் அவள்.

சுருளிக்கு உயிரே போய்விட்டது.

"சங்கடப்படாதீங்க. ரெண்டு வேலை கெடக்கு. ஒண்ணு, ஸ்பேனரக் கண்டுபிடிக்கிறது. இன்னொண்ணு, மொக்கராசு வண்டிச் சத்தத்தக் கண்டுபிடிக்கிறது. எதையாச்சும் ஒண்ணக் கண்டுபிடிங்க. சந்தோசமா அனுப்பி வைக்கிறேன்."

"ரெண்டுல எதுக்கா சுளுவு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

சுருளி நிறைய யோசித்துச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தான். ஸ்பேனர் எங்கே இருக்கிறதோ, யார் கண்டது. சத்தமாவது கண்ணெதிரே நிற்கிறது.

"எங்கக்கா ஆரம்பிக்க?"

"வண்டியத் தொடுறதுக்கு முந்தி ஆளக் கேளுங்க. கடைசியா யாரு கை வெச்சதுன்னு கேளுங்க. புதுச் சாமான் எதையும் வாங்கச் சொல்லாதீங்க. சத்தம் எங்கன்னு தெரியட்டும், பொறவு பாக்கலாம்."

சொல்லிவிட்டு, வழியில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கப் போடி பக்கம் கிளம்பிவிட்டாள்.

மதியம் மொக்கராசு வந்ததும் சுருளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினான்.

"கடைசியா இந்த வண்டியில யாருப்பா கை வெச்சது?"

"நீங்கதாண்ணே."

"அட, அது தெரியும். அது கணக்குல வராது. எனக்குப் பொறவு?"

"ஒங்களுக்குப் பொறவு யாரும் கை வெக்கலண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. யாருமே தொடலையா?"

"மறுநாள் ஒரு நடை எம் மச்சினன் பவுன்ராசு ஓட்டிட்டுப் போனான். எனக்குக் காய்ச்சலு."

"அப்படிச் சொல்லு!" சுருளி தொடையைத் தட்டினான். "வேகத்தடையில எங்கயோ போட்டுக் குத்தியிருக்கான். இன்ஜின் அதிர்ந்திருச்சு. வெளிய சொல்லாம கமுக்கமா சாவியக் குடுத்துட்டான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லையேண்ணே."

"எல்லா மச்சினனும் அப்படிப்பட்டவன்தான்."

மொக்கராசு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனான். வீட்டில் போய்ப் பேசியிருக்கிறான். நன்றாகவே பேசியிருக்கிறான்.

மறுநாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்தான். பவுன்ராசு வண்டியை எங்கேயும் இடிக்கவில்லை என்று சாமி மேல் சத்தியம் பண்ணினானாம். இவன் நம்பவில்லையாம். "எந் தம்பியப் பொய்யன்கிற வீட்டுல எனக்கென்ன வேல" என்று பெண்டாட்டி வனராணி, தம்பியையும் கூட்டிக்கொண்டு, கூடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"மூணு வேளையும் பரோட்டாண்ணே," என்று வயிற்றைத் தடவினான் மொக்கராசு.

"எந்தக் கடையில?"

"சீலையம்பட்டி விலக்குல."

"அங்க சால்னா சரியிருக்காதே," என்றான் சுருளி. அதைத் தவிர அவனுக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

வேலை ஆரம்பமானது. நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜின் மேல் அங்கங்கே ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டான். பெரிய வைத்தியர் மாதிரி இருந்தது பார்க்க. இன்ஜினுக்குள் எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தான். ஆட்டம் மாறவில்லை. பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினான். அதே "ட்ர்ர்ர்". கிளட்ச்சை மிதித்தான், விட்டான். அதே "ட்ர்ர்ர்". புகைக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். கை சுட்டதுதான் மிச்சம்.

இப்படியே நாள் ஓடியது. தினமும் மதியம் வண்டி வரும். தினமும் ஏதாவது ஒன்றைக் கழற்றுவான், மாட்டுவான். மொக்கராசு புளியமரத்தடியில் உட்கார்ந்து கூடலூர் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். முகம் இளைத்து வயிறு உப்பியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம் சுருளி கையைத் துடைத்துப் போட்டான்.

"முடியலக்கா. இன்ஜின் உள்ளுக்குள்ள செத்துருச்சு. எறக்கிற வேண்டியதுதான்."

"எறக்கணுமா?" மொக்கராசுக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு வண்டிக்கு மாலை போடணும்ண்ணே. இந்தச் சத்தம் தீந்தாத்தான் நான் கூடலூர்ப் பக்கம் தலைகாட்ட முடியும். யார் பேர்ல தப்புன்னே தெரியாம நான் அவ மூஞ்சியில எப்படி முழிக்க?"

போதுமணி அப்போதுதான் வந்த டீயை இன்னும் குடிக்கவில்லை. எழுந்தாள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

சுருளி ஸ்டார்ட் பண்ணினான். வண்டி உதறியது. அவள் சீட்டைத் தூக்கிவிட்டு, டீ கிளாஸை ஓடுகிற இன்ஜினின் தலை மேலேயே வைத்தாள். டீ வளையம் வளையமாக நடுங்கியது. சிந்தவில்லை. பிறகு கிளாஸை எடுத்து, டிரைவர் கால் வைக்கிற தரையில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் டீ துள்ளி மொக்கராசின் வேட்டியில் விழுந்தது.

"ஆத்தாடி!" என்று அவன் குதித்தான்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்க்கா. டீ கொட்டிருச்சு."

"எங்க கொட்டல?"

சுருளி யோசித்தான். "இன்ஜின் மேல கொட்டல."

"இன்ஜின்னா ஆடத்தாண்ணே செய்யும். அது ஆடுறது தப்பில்ல. அந்த ஆட்டத்த உள்ள விடாம நடுவுல ஒருத்தன் முழுங்கணும். யாரு?"

"மவுண்டிங் ரப்பரு."

"அதப் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன்க்கா."

"ரப்பர?"

"அத எதுக்குக்கா பாக்கணும்? அது நான் போட்டது."

போதுமணி கிளாஸில் மிச்சம் இருந்த டீயைக் குடித்தாள். நிதானமாகக் குடித்தாள்.

"அப்பச் சரி. இன்ஜின எறக்குங்க."

புளியமரக் கிளையில், இன்ஜினைத் தூக்கிப் பிடிக்கச் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டான் சுருளி. இன்ஜினை இறக்க வேண்டும் என்றால் முதலில் அதைத் தாங்குகிற மவுண்டிங் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதினேழாம் நம்பர் ரிங் வேண்டும். கடையில் இருந்த ஒரே ரிங் காணாமல் போய்விட்டது. பக்கத்து லாரிப் பட்டறைக்குப் போய், நாலு கேலியை வாங்கிக்கட்டிக்கொண்டு, ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கி வந்தான்.

கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். வலது பக்கப் போல்ட்டை இளக்கினான். இடது பக்கம் நகர்ந்தான். அங்கே கண்ணுக்குத் தெரியாது, கைதான் கண். போல்ட்டின் தலையைத் தேடி விரலை விட்டான். தலை அகப்படவில்லை. தலை மேல் ஏற்கெனவே ஏதோ உட்கார்ந்திருந்தது. வட்டமாக. பிறகு ஒரு கழுத்து. பிறகு நீளமாக ஒரு தண்டு, ரப்பருக்குப் பக்கத்திலேயே போய், இன்ஜினின் தாங்கிக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் வசமாகச் சிக்கி நின்றது.

அவன் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு வந்திருந்தான். அங்கே பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஏற்கெனவே மாட்டி, தயாராக இருந்தது.

சுருளி அசையாமல் கிடந்தான். ஆடி மாதம், போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "சிவப்பு காஞ்சிருச்சு." போல்ட்டின் தலையிலேயே ஸ்பேனரை விட்டுவிட்டு எழுந்து ஓடியது நேற்று நடந்தது போல் ஞாபகம் வந்தது. ரப்பர் முழுங்க வேண்டிய ஆட்டத்தையெல்லாம் இந்தத் தண்டு சிந்தாமல் சிதறாமல் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இரும்போடு இரும்பாக, நித்தமும் ஊர் சுற்றி, குமுளி மலை ஏறி இறங்கி.

கோடாங்கி பேரில் அவனுக்குப் பெரிய மரியாதை வந்தது. தன் பேரில் இருந்தது போய்விட்டது.

அசைத்து அசைத்து ஸ்பேனரை உருவினான். படுத்தபடியே இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு பக்கம் மொக்கராசின் கால்கள். இன்னொரு பக்கம் அக்காவின் செருப்பு. யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது அவன் மனசு போட்ட கணக்கைக் கேளுங்கள். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகலாம். "போல்ட்டு லூஸா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்" என்று சொல்லலாம். சத்தம் போச்சு. சாயங்காலம் டூல் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரை "கண்டுபிடிக்கலாம்". ரெண்டுல ஒன்றைக் கேட்ட குருவுக்கு ரெண்டையும் கொடுக்கலாம். நாளன்றைக்குப் பலகையைத் திருப்பி மாட்டலாம்.

போல்ட்டுகளை முறுக்கினான். ஸ்பேனரைச் சட்டைக்குள் இடுப்பில் செருகினான். வெளியே வந்தான். இன்ஜின் சூட்டில் கிடந்த இரும்பு, தொப்புளுக்குப் பக்கத்தில் சுள்ளென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணு மொக்கராசு."

மொக்கராசு சாவியைத் திருகினான். வண்டி தாலாட்டுப் பாடுவதுபோல ஓடியது. போதுமணி இன்னொரு கிளாஸ் டீயைத் தரையில் வைத்தாள். டீ அசையாமல் இருந்தது. பிள்ளையார் மொக்கராசைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மொக்கராசு வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து சுருளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"மாஸ்டர்!" என்றான். "நீங்க மாஸ்டர்ண்ணே! மாஸ்டர்னா நீங்கதான் மாஸ்டர்!"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல். காதில் விழுந்ததும் இனிக்கும் என்று நினைத்திருந்தான். இடுப்பில் சுட்டது.

"என்ன கோளாறு மாஸ்டர்? சொல்லுங்க. பவுன்ராசு வேகத்தடையில குத்துனதுதான? நீங்க அன்னைக்கே சொன்னீங்க. இப்பவே கூடலூருக்கு போனப் போட்டு, 'எங்க மாஸ்டரே சொல்லிட்டாரு, ஒந் தம்பிதான்'னு அவகிட்டச் சொல்லிர்றேன். பொறவு அவ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

சுருளி அக்காவைப் பார்த்தான். அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இருப்பா," என்றான் சுருளி. குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இருப்பா மொக்கராசு. போனக் கீழ வையி."

சட்டையைத் தூக்கினான். ஸ்பேனரை உருவினான். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது.

"இதான் கோளாறு. ரப்பர் மாத்துன அன்னைக்கு நாந்தான் போல்ட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன். ஒம் மச்சினன் எங்கயும் குத்தல. வேகத்தடைன்னு நாந்தான் வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன். எந் தப்பு முழுக்க."

மொக்கராசு ஸ்பேனரைப் பார்த்தான், சுருளியைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான்.

"ஒங்க ஸ்பேனருக்கா நான் இம்புட்டு நாளும் பரோட்டா தின்னேன்?"

"ஆமாப்பா."

"மலை ஏறி எறங்கி எறங்கி என் கடவாப்பல்லே ஆடிப்போச்சேய்யா! பிள்ளையாரு ஒன்னையக் கேப்பாருய்யா!"

"கேக்கட்டும்ப்பா."

மொக்கராசு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அடிப்பானோ என்று டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவன் நம்பரைத் தட்டி, போனைச் சுருளியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீயே சொல்லு. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு."

சுருளி சொன்னான். அந்தப் பக்கம் பவுன்ராசு முழுசும் கேட்டுவிட்டு, "இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன், அக்காவும் கேக்கட்டும்" என்றான். சுருளி மறுபடி முதலிலிருந்து சொன்னான். வனராணி கேட்டுவிட்டு, "இருங்க, எங்கம்மாவுக்குக் காது மந்தம், கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க" என்றாள். சுருளி புளியமரத்துக் காக்கையெல்லாம் பறக்கிற மாதிரி ஒருதரம் சொன்னான். பைபாஸ் முழுக்கக் கேட்டது.

"நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள் வனராணி. "வண்டியில மாலை போட்டு வரச் சொல்லுங்க."

மொக்கராசு சிரித்துவிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வர்றேன் பரோட்டாண்ணே!" என்று கத்தினான். சுருளிக்கு அதில் ஏனோ கோபம் வரவில்லை.

சாயங்காலம் கடையைக் கழுவிவிட்டார்கள். மறுநாள் பூஜைக்காகப் பெஞ்சின்மேல் வெள்ளைத் துணி விரித்து, டூல்களையெல்லாம் துடைத்து அடுக்கினாள் போதுமணி. பதினேழாம் நம்பருக்கு மட்டும் நடுவில் இடம் விட்டிருந்தாள்.

சுருளி ஸ்பேனரை இரண்டு கையாலும் கொண்டுவந்து அங்கே வைத்தான். வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"எப்பக்கா தெரியும் ஒங்களுக்கு?"

"பிள்ளையாரு இடது பக்கம் திரும்புறாருன்னு சொன்னப்பவே ஒரு சந்தேகம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா."

"ஸ்பேனரு வேணும்னா நானே கைய விட்டு எடுத்திருப்பேனே," என்றாள் அவள். துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மொக்கராசு வீட்டு விசயம் இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன். அது எந் தப்பு."

சுருளி தலையை ஆட்டினான்.

"பலகைய நான் திரும்பவும் சுவத்தப் பாத்தே வெச்சிர்றேன்க்கா. கடை இப்ப வேண்டாம். இத வாங்குற கை இது இல்ல."

கரி போகத் துடைத்த ஸ்பேனரை விளக்குக்கு நேரே திருப்பினாள்.

சுருளி அப்போதுதான் பார்த்தான். தண்டில் மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம். இரண்டுக்கும் நடுவில், இதுவரை இல்லாத இடத்தில், புதுசாக ஒரு பள்ளம். வண்டியின் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்தது. மற்ற இரண்டும் எப்படி வழவழப்போ, அதே வழவழப்பு. இது மட்டும் இன்னும் வெள்ளையாகப் பளபளத்தது.

அவன் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொண்டது.

"அக்கா," என்றான். "அந்தப் பழைய பள்ளம் ரெண்டும் இப்படி விழுந்ததுதானா?"

"கீழ இருக்கிறது என்னது. மேல இருக்கிறது எங்க குருவோடது," என்றாள் போதுமணி. "விடிஞ்சாப் பூஜை. குளிச்சிட்டு வந்து வாங்கிக்கங்கண்ணே."